கராஜுக்குள் அடங்காத விமானம்: வாலைக் குட்டையாக்கிப் பெரிதாக்கினால் போதுமா?

மரச்சட்டம் (ஒன்டாரியோ)

வணக்கம். வரைபடம் வாங்கி மரத்தில் கட்டிவரும் இருவர் அமரும் விமானம் என்னுடையது. இறக்கையின் விலாச் சட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. உடற்கூட்டின் பக்கச் சட்டங்களை ஒட்டுவதற்கு முன் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். முழு நீளத்தில் கட்டினால் என் கராஜின் கதவை மூட ஏறக்குறைய 40 செ.மீ. இடம் போதாது. வடிவமைத்தவர் காலமாகிவிட்டார், அவரிடம் கேட்கவும் வழியில்லை.

யோசனை ஒன்று: பின்னுடலில் 40 செ.மீ. குறைத்துவிட்டு, ஈடாகக் கிடைவாலின் பரப்பைக் கூட்டுவது. இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர், சராசரி நாண் (இறக்கையின் முன்பின் அகலம்) 1.4 மீட்டர், கிடைவால் 2 சதுர மீட்டர், வால் கை (இறக்கையிலிருந்து வால்வரை உள்ள தூரம்) 4 மீட்டர். வால் பரப்பைக் கையால் பெருக்கி, இறக்கைப் பரப்பு பெருக்கல் நாணால் வகுத்தால் வால் கெழு 0.476. கை 3.6 மீட்டரானால், வாலை 2.22 சதுர மீட்டராக்கினால் அதே கெழு வந்துவிடுகிறது.

யோசனை இரண்டு: வரைபடத்தில் வால் தட்டைச் சட்டம், மேலே துணி, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டு ஆர்வி-12 என்ற வீட்டில் கட்டும் விமானத்தில் இருப்பதுபோல் முழுவதும் அசையும் வால் வைக்கலாமா? எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும், கிடைவாலின் அசையும் பின்பகுதி) கீல்கள் மிச்சம், இழுவையும் குறையும்.

எந்த யோசனையில் எங்கே அடி விழும் என்று சொல்லுங்கள்.

---

நாண்கோடு (பெங்களூரு, ஓய்வு)

உங்கள் பெருக்கல் சரி. ஆனால் அந்தக் கெழுவில் கையின் நீளம் ஒருமுறைதான் வருகிறது. மூக்கு மேலும் கீழும் ஆடும்போது அந்த ஆட்டத்தை அடக்குகிற திறனில் அது இருமுறை வரும். மூக்கு எழும்பிச் சுழலும்போது வால் கீழே இறங்குகிறது. கை நீளமாக இருந்தால் வேகமாக இறங்கும், எதிர்விசையும் கூடும். அந்த விசைக்குத் திருப்புத்திறனைக் கொடுப்பதும் அதே கைதான். எனவே பரப்பைக் கையின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். பழையது 32, புதியது 28.8. கெழு மாறாமலே ஆட்டத்தை அடக்கும் திறனில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

பத்து விழுக்காட்டினால் மட்டும் விமானம் விழுந்துவிடாது. ஆனால் பட்டியல் அதோடு முடியவில்லை. வால் இறக்கைக்கு அருகே வந்தால், இறக்கை கீழ்நோக்கித் தள்ளிவிடும் காற்றில் இன்னும் ஆழமாக அமரும். அதனால் 2.22 சதுர மீட்டர் வால் கெழு சொல்லும் அளவு வேலையைச் செய்யாது. செங்குத்துவாலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. அதற்கும் ஒரு கெழு உண்டு, அங்கே நாணுக்குப் பதில் இறக்கையின் முழு நீளம் வரும். உங்கள் விமானத்துக்கு இறக்கை நீளம் சுமார் 8.6 மீட்டர், செங்குத்துவால் 0.9 சதுர மீட்டர் என்று வைத்தால் 0.035. கையைக் குறைத்தால் 0.031. வீட்டில் கட்டும் விமானங்களுக்கு வடிவமைப்புப் பாடங்களில் தொடக்க மதிப்பாகச் சொல்வது கிடைவாலுக்கு 0.5, செங்குத்துவாலுக்கு 0.04. நீங்கள் ஏற்கெனவே இரண்டிலும் சற்றுக் கீழேதான் நிற்கிறீர்கள்.

இதில் ஒரே ஒரு நன்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 12 கிலோ வால் 40 செ.மீ. முன்னே வந்தால், 520 கிலோ விமானத்தின் எடை மையம் 9 மி.மீ. முன்னே போகும். பரப்பைக் கூட்டியதில் ஒன்றரைக் கிலோ ஏறினால் அந்த நன்மையையும் அது தின்றுவிடும்.

---

ரிவெட்டுக்காரி (டெக்சஸ்)

ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கராஜைப் பற்றிக் கேட்கிறேன். அந்த நீளத்தை ரட்டரோடு (செங்குத்துவாலின் அசையும் பின்பகுதி) சேர்த்து அளந்தீர்களா? ரட்டர் கீல் ஊசிகளில்தானே தொங்குகிறது! கழற்றிச் சுவரில் மாட்டிவையுங்கள். மூலைவிட்டமாக நிறுத்தினால் எவ்வளவு இடம் கிடைக்கும் என்றும் பாருங்கள். கட்டும் காலத்தில் இன்ஜின் தாங்கி, முன் மூடி எதுவும் மாட்டியிருக்கப் போவதில்லை. எங்கள் ஊரில் முழு ஆர்வி-7ஐ அதைவிடச் சிறிய கொட்டகையில் கட்டிய ஆட்கள் இருக்கிறார்கள்.

இடம் போதாமல் கராஜை மாற்றியவர்கள் உண்டு. விமானத்தை மாற்றுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

---

பொம்மை விமானி (கோயம்புத்தூர்)

அண்ணா, நான் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானங்கள் மட்டுமே பறக்கவிடுகிறவன், பெரிய விமானம் தொட்டதில்லை. எங்களிடம் எந்த வால் கோளாறுக்கும் ஒரே மருந்துதான்: மூக்கில் ஈயத்தை ஒட்டு. எடை மையம் முன்னே வந்தால் வால் சிறியதாக இருந்தாலும் சாதுவாகப் பறக்கும். அதையே இங்கும் செய்தால் என்ன?

---

நாண்கோடு

தம்பி, மருந்து சரி, அளவு தெரியாமல் கொடுக்கக்கூடாது. எடை மையத்துக்குப் பின்னெல்லை இருப்பதுபோல் முன்னெல்லையும் உண்டு.

முதலில் பின்னெல்லை, அதாவது எடை மையம் அதற்குப் பின்னே போகக்கூடாத இடம். இறக்கை மட்டும் இருந்தால், தூக்குவிசையின் மாற்றம் செயல்படும் புள்ளி நாணில் முன்விளிம்பிலிருந்து 25 விழுக்காட்டில் இருக்கிறது. வால் அதைப் பின்னே இழுக்கும். எவ்வளவு? வால் கெழு 0.476; வால் இறக்கையைப்போல் 0.8 பங்குதான் தாக்குக்கோணத்துக்கு (காற்றை எதிர்கொள்ளும் கோணம்) விசை தரும். கீழ்நோக்கிய காற்றின் காரணமாக அதிலும் 0.55 பங்குதான் உணரும். உடலின் நிழலில் வேகம் குறைவதற்கு 0.9. பெருக்கினால் 19 விழுக்காடு. 25ஐக் கூட்டினால் 44. உடற்கூடும் ப்ரொப்பெல்லரும் மூக்கை எப்போதும் தவறான பக்கம் தள்ளும். அதற்கு 5 கழித்தால் 39. இது விமானி ஸ்டிக்கை அசையாமல் இறுகப் பிடித்திருக்கும்போது உள்ள நடுநிலைப் புள்ளி; எடை மையம் அங்கே போனால் விமானம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அவர் கையை எடுத்துவிட்டால் எலிவேட்டர் காற்று தள்ளும் பக்கம் மிதக்கும், வாலின் வேலையில் ஒரு பங்கை அதுவே கரைத்துவிடும். தட்டை வாலில் அதற்கு இன்னொரு 4 கழியுங்கள், 35. வரைபடத்தில் பின்னெல்லை 30 என்று போட்டிருந்தால் கையை எடுத்தாலும் 5 விழுக்காடு மிச்சம் இருக்கிறது. வடிவமைத்தவர் காரணத்தோடுதான் போட்டிருக்கிறார். இவை மேலோட்டமான எண்கள். உங்கள் விமானத்துக்கு ஒன்றிரண்டு அங்குமிங்கும் மாறும்.

இப்போது முன்னெல்லை. மூக்கு கனத்தால் தரையிறங்கும்போது அதைத் தூக்க வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டும். தரைக்கு மிக அருகே இறக்கையின் கீழ்நோக்கிய காற்று தரையால் தடைபடுகிறது. மேலே போதுமாக இருந்த எலிவேட்டர் அங்கே பற்றாது. ஸ்டிக்கை வயிறுவரை இழுத்தபின்னும் மூக்கு எழாமல் முன்சக்கரத்தில் இறங்கும் விமானம் எல்லாம் இந்த வகை. மாதிரி விமானத்தில் முன்காலை மாற்றிக்கொள்ளலாம். இதில் உள்ளே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

---

வரலாற்றுப்பூச்சி (சிங்கப்பூர்)

வால் பற்றிய எந்த இழையிலும் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' வராமல் போகாது, எனவே நானே கொண்டுவருகிறேன்.

பிரான்ஸின் ஆன்ரி மின்யே 1933இல் பறக்கவிட்ட எச்எம்-14. வழக்கமான வால் இல்லை, ஏலரான் (விமானத்தைப் பக்கம் சாய்க்கும் இறக்கை மடல்) இல்லை. முன்னே ஒரு இறக்கை, சற்றே கீழே அதன் பின்விளிம்பை ஒட்டி இன்னொரு இறக்கை, கடைசியில் பெரிய ரட்டர். ஸ்டிக்கை இழுத்தால் முன்னிறக்கை முழுவதுமே கீலில் திரும்பும். பக்கவாட்டில் தள்ளினால் ரட்டர். சாமானியன் வீட்டில் கட்டலாம் என்று அவர் எழுதியதைப் படித்து ஐரோப்பா முழுதும் ஆட்கள் கட்டத் தொடங்கினார்கள். 1935 ஆகஸ்டில் மின்யே தானே அதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்து வந்தபோது அங்கே பெரும் பித்தே பிடித்துவிட்டது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஒரே மாதிரி: மூக்கு தாழ்ந்தது, விமானி இழுத்தார், மூக்கு எழவில்லை, அப்படியே தரையில். 1936இல் பிரான்ஸில் ஷாலே-மூதோனிலும் இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலும் பெரிய காற்றுச் சுரங்கங்களில் முழு விமானத்தையே வைத்துச் சோதித்தார்கள். மூக்கு ஓரளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், ஸ்டிக்கை முழுவதும் இழுத்தாலும் மூக்கைத் தூக்கும் திருப்புத்திறன் மிஞ்சவில்லை. முன்னிறக்கையைத் திருப்பும்போது அதன் பின்விளிம்புக்கும் பின்னிறக்கைக்கும் நடுவே உள்ள இடுக்கு குறுகி, காற்று அங்கே வேகமெடுத்து, பின்னிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டிவிட்டது. விமானி மூக்கைத் தூக்கக் கேட்டால் விமானம் வாலையும் சேர்த்துத் தூக்கியது. பிற்காலத்தில் இடைவெளியையும் கீலின் இடத்தையும் மாற்றியபின் அந்த வகை ஒழுங்காகப் பறந்தது, இன்றும் பறக்கிறது.

மின்யேயின் சொந்த விமானம் நன்றாகத்தான் பறந்தது என்பதைக் கவனியுங்கள். கட்டியவர்கள் அதிக எடையுள்ள இன்ஜின், வேறு அளவு இடைவெளி என்று அவரவர் வசதிக்கு மாற்றினார்கள். மூல வடிவத்திலேயே விளிம்பு ஒட்டி நின்றது, மாற்றங்கள் அதைத் தாண்டித் தள்ளின.

---

எதிர்க்காற்று (மெல்பர்ன்)

தெள்ளுப்பூச்சிக் கதையைச் சொல்லி மனிதரைப் பயமுறுத்தவேண்டாம். அவர் கேட்டது முழுவதும் அசையும் வாலைப் பற்றி. அதில் ஒரு மர்மமும் இல்லை. ஜான் தார்ப் 1960களிலேயே வீட்டில் கட்டும் டி-18க்கு அப்படித்தான் வைத்தார். 1976இல் டான் டெய்லர் தன் கையால் கட்டிய டி-18இல் உலகைச் சுற்றிவந்தார். வீட்டில் கட்டிய விமானம் ஒன்று உலகைச் சுற்றியது அதுவே முதல் முறை. அதே தார்ப்பின் கைபட்ட பைப்பர் செரோக்கியின் வாலும் அதுதான். நான் ஓட்டுவதும் அந்தக் குடும்பத்தில் ஒன்று. முழு வாலும் திரும்புவதால் சிறிய பரப்பிலேயே வேண்டிய அதிகாரம் கிடைக்கிறது, எடையும் குறைகிறது. பலகை வாலைக் கட்டிக்கொண்டு 1930லேயே இருப்பதில் என்ன பெருமை?

---

நாண்கோடு

ஒருவரும் அது பறக்காது என்று சொல்லவில்லை, எதிர்க்காற்று. தார்ப் என்ன செய்தார் என்று தெரிந்து செய்தார். மரச்சட்டம் வேறொருவரின் விமானத்தில் அந்த வாலை ஒட்டப்போகிறார், வேறுபாடு அங்கேதான்.

முழு வாலையும் அதன் நாணில் கால் பங்கில் கீல் போட்டு நிறுத்தினால், தாக்குக்கோணம் எவ்வளவு மாறினாலும் கீலைச் சுற்றி ஏறக்குறைய எந்த விசையும் பிறக்காது. அதாவது விமானியின் கைக்கு ஒரு செய்தியும் வராது. இரண்டு விரலால் இறக்கையை முறித்துவிடலாம். அதற்காகத்தான் பின்விளிம்பில் எதிர் டேப் என்ற சிறு மடலை வைக்கிறார்கள். வாலின் பின்விளிம்பு எந்தப் பக்கம் போகிறதோ, டேப் அதே பக்கம் அதைவிட அதிகமாகப் போய் வாலைப் பழைய இடத்துக்குத் தள்ளும். ஆர்வி-12இல், உங்கள் செரோக்கியில், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஸ்டிக்கில் நீங்கள் உணரும் கனத்தில் பெரும்பங்கு அந்தச் சிறு டேப்பும் அதை இழுக்கும் கம்பியும் தருவது. கம்பியின் விகிதம் சற்றுத் தவறினால் விமானத்தின் குணமே மாறிவிடும். பாக்கி, கீலுக்கு முன்னே கம்பத்தில் தொங்கும் சமன்செய் எடை. அதையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் சொல்லும் எடைச் சேமிப்பு பெரிதாக இருக்காது.

தொழிற்சாலைகளே இதில் தடுமாறியிருக்கின்றன. 1968இல் வந்த செஸ்னா கார்டினலில் தரையிறங்கும் நேரத்தில் வாலே ஸ்டால் ஆகி (காற்றோட்டம் பிய்ந்து விசையை இழந்து) மூக்கு தொப்பென்று விழுந்தது. வாலின் முன்விளிம்பில் காற்று புகும் நீள இடுக்குகளைச் சேர்த்து, ஏற்கெனவே விற்ற விமானங்களுக்கும் செலவில்லாமல் மாட்டிக்கொடுத்தார்கள். அவர்களிடம் சோதனை விமானிகள், கருவிகள், காசு எல்லாம் இருந்தன.

---

எதிர்க்காற்று

கார்டினலைச் சரிசெய்தார்கள் என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது, ஐயா. டேப் விகிதம் ஒன்றும் பரமரகசியம் அல்ல, வெளியில் நூறு எடுத்துக்காட்டுகள் பறக்கின்றன. உங்களோடு இதில் நான் உடன்படப் போவதில்லை. ஆனால் வரைபடத்தில் இல்லாத வாலை *முதல்* விமானத்திலேயே முயல வேண்டாம் என்றால், அதை ஏற்றுக்கொள்கிறேன்.

---

மரச்சட்டம்

எல்லோருக்கும் நன்றி. ரட்டர் இல்லாமல் மூலைவிட்டத்தில் அளந்தேன், கதவு மூடுகிறது. உடற்கூடு வரைபடத்தில் உள்ள நீளத்திலேயே இருக்கும், அந்தப் பேச்சு முடிந்தது. முழுவதும் அசையும் வாலையும் விட்டுவிட்டேன்.

ஆனால் தட்டை வால் மனதை உறுத்துகிறது. அதே பரப்பு, அதே கீல் கோடு வைத்துக்கொண்டு 9 விழுக்காடு தடிப்புள்ள சமச்சீர் குறுக்குவெட்டுக் கொடுத்தால் தவறா? எலிவேட்டர் நாணையும் சற்றுக் கூட்டலாமா?

---

ரிவெட்டுக்காரி

குறுக்குவெட்டு கொடுத்தால் இழுவை குறையும், வால் ஸ்டால் ஆகும் கோணம் தள்ளிப்போகும். இரண்டும் உண்மை. உங்கள் வேகத்தில் குறையும் இழுவையைக் கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். விலாச் சட்டங்கள், மேலும் ஒட்டுப்பலகை, பின்கோடியில் ஒவ்வொரு கிலோவுக்கும் எடை மையம் 8 மி.மீ. அளவுக்குப் பின்னே போகும். 'பைட்டன்போல் ஏர் கேம்பர்' என்ற பழைய வீட்டில் கட்டும் விமானம் 1929 முதல் தட்டை வாலோடுதான் பறக்கிறது, அதன் வேகத்துக்கு அது போதும்.

அந்த வாலில் உருப்படியாகச் செய்ய வேண்டியது வேறு. ஸ்டெபிலைசருக்கும் எலிவேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கை மூடுங்கள். கீழிருந்து மேலே காற்று கசிந்தால் எலிவேட்டரின் வேலை குறையும். ஒரு துணிப்பட்டை போதும். ஆனால் மூடியபின் ஸ்டிக்கின் கனம் மாறும். பறக்கத் தொடங்கி நடுவில் மூடாதீர்கள், முதலிலேயே மூடிவிட்டு அந்த நிலையிலேயே சோதியுங்கள்.

பின்விளிம்பையும் வரைபடத்தின்படியே வையுங்கள். எங்கள் அலுமினியத் தகட்டு விமானங்களில் எலிவேட்டர், ஏலரான் பின்விளிம்பு மடிப்பு சரியான ஆரத்தில் இல்லாமல் புடைத்து நின்றால் ஸ்டிக் இலேசாகித் திடீரென்று பிடுங்கும். ஒரு மி.மீ. சமாச்சாரம்!

---

நாண்கோடு

எலிவேட்டர் நாணைக் கூட்டாதீர்கள். நாண் கூடினால் கீல் விசை அதைவிட வேகமாகக் கூடும், மிதக்கும் குணமும் மாறும். முதலில் கணக்கிட்டேனே, கையை எடுத்தால் 35 என்று, அந்த எண்தான் இதில் அடிபடும்.

ஸ்டிக்கின் கனம் சுகத்துக்காக மட்டும் அல்ல என்பதற்கு ஜெனித்தின் சிஎச் 601 எக்ஸ்எல் சாட்சி. அந்த வகை விமானங்கள் பல காற்றிலேயே உடைந்து உயிர்கள் போனபின், 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொன்னது. முதல் சந்தேகம் ஏலரான் ஃப்ளட்டர், அதாவது காற்றில் தானே பெருகிப்போகும் அதிர்வு. அதோடு வாரியம் சுட்டிக்காட்டிய இன்னொன்று: முடுக்கம் கூடக்கூட ஸ்டிக்கில் கனம் போதிய அளவு கூடவில்லை, விமானி அறியாமலே அதிகமாக இழுத்துவிடலாம். பிறகு வந்த மாற்றத் தொகுப்பில் இறக்கையை வலுப்படுத்தினார்கள், ஏலரானுக்குச் சமன்செய் எடை சேர்த்தார்கள்.

---

பொம்மை விமானி

இந்தத் தொல்லைகளே வேண்டாம் என்று வி-வால் வைத்தால்? இரண்டே பரப்புகள்தானே. பார்க்கவும் அழகு.

---

எதிர்க்காற்று

தம்பி, என்னைவிட நீ துணிந்தவன். ஜிம் பீட் வீட்டில் கட்டும் தன் சிறு விமானமான பிடி-5ஐ 1971இல் முதலில் பறக்கவிட்டது வி-வாலோடு. நிலைத்தன்மை சரிப்படவில்லை, வழக்கமான வாலுக்கு மாறினார். வி-வாலில் நன்றாகப் பறக்கும் விமானங்கள் உண்டு, சோனெக்ஸ் குடும்பத்து வாய்யெக்ஸின் ஒய்-வாலும் அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் இரண்டு பரப்பு மூன்று பரப்பின் வேலையைச் செய்ய வேண்டுமானால், மொத்தப் பரப்பு ஏறக்குறைய அதே அளவு வேண்டும், ஸ்டிக்கையும் மிதிகட்டையையும் கலக்கும் இயந்திரம் தனி. அழகுக்கு விலை உண்டு.

---

நாண்கோடு

இன்னும் ஒருவரும் ஸ்பின் பற்றிப் பேசவில்லை. மரச்சட்டம் நீளத்தை விட்டுக்கொடுத்துவிட்டதால் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் வாலைப் பெரிதாக்கும் எண்ணம் நாளை வேறு யாருக்காவது வரும்.

ஸ்பின்னில் விமானம் மூக்கு தாழ்ந்து சுழன்று விழும்போது காற்று கீழிருந்து மேலே வருகிறது. கிடைவால் தன் மேலே இருக்கும் செங்குத்துவால்மீதும் ரட்டர்மீதும் ஒரு நிழலை எறிகிறது. அந்த நிழலுக்குள் அகப்பட்ட ரட்டரை எவ்வளவு மிதித்தாலும் பயன் குறைவு. 1940களில் நாகா (நாசாவுக்கு முன்பிருந்த அமெரிக்க வானூர்தி ஆய்வு அமைப்பு) பொறியாளர்கள் பக்கவாட்டு வரைபடத்திலேயே இதைப் பார்க்க ஒரு வழி சொன்னார்கள். கிடைவாலின் முன்விளிம்பிலிருந்து 60 பாகையில் பின்மேலாக ஒரு கோடு, பின்விளிம்பிலிருந்து 30 பாகையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நிழல். அதற்கு வெளியே ரட்டர் எவ்வளவு மிஞ்சுகிறது, கிடைவாலுக்குக் கீழே உடற்கூட்டின் பக்கப் பரப்பு எவ்வளவு இருக்கிறது, இரண்டையும் அளந்தார்கள். பின்னர் நாசா சிறு விமானங்களில் செய்த ஸ்பின் சோதனைகளில், இந்தக் கோடுகளை மட்டும் வைத்து விமானம் மீளும் என்று சொல்ல முடியாது என்று தெரிந்தது. இறக்கையின் முன்விளிம்பு, உடலின் அடிப்பாகத்து வடிவம் எல்லாம் தலையிடும். ஆனாலும் கோடு போட்டுப் பார்த்து ரட்டர் முழுவதும் நிழலில் இருந்தால் அது நல்ல அறிகுறி அல்ல.

இப்போது 2.22 சதுர மீட்டர் வாலை நினைத்துப் பாருங்கள். நாணைக் கூட்டித்தானே பரப்பைக் கூட்டியிருப்பீர்கள்? நிழல் அகலமாகியிருக்கும். நீளவாட்டு நிலைத்தன்மையைக் காப்பாற்றப்போய் ஸ்பின்னிலிருந்து மீளும் ரட்டரை மூடியிருப்பீர்கள். அதோடு கை 40 செ.மீ. குறைவு. கெழு என்னவோ மாறியிருக்காது.

---

வரலாற்றுப்பூச்சி

கிடைவாலைச் செங்குத்துவாலின் உச்சியில் ஏற்றினால் ரட்டர் நிழலிலிருந்து தப்பும், ஆனால் அங்கே வேறொன்று காத்திருக்கும். 1963 அக்டோபர் 22 அன்று, வால் அப்படி உச்சியில் அமைந்த பிஏசி ஒன்-இலெவன் சோதனை விமானம் ஸ்டால் சோதனையில் இறக்கைகளின் கலங்கிய காற்றுக்குள் வாலை அமிழ்த்திக்கொண்டது. எலிவேட்டர் வேலை செய்யவில்லை, விமானம் தட்டையாகவே இறங்கித் தரையில் மோதியது. உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அது பெரிய ஜெட், நமக்குத் தொலைவு. ஆனால் வாலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படிப்பது நல்லது.

---

மரச்சட்டம்

கோடுகளைப் போட்டுப் பார்த்தேன். வரைபடத்து வாலில் ரட்டரின் கீழ்ப்பகுதி கிடைவாலுக்குக் கீழே தனியாக நீண்டிருக்கிறது, அது நிழலுக்கு வெளியே. அது ஏன் அப்படி அசிங்கமாகத் தொங்குகிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஃப்ளட்டர். வரைபடத்தில் எலிவேட்டருக்குச் சமன்செய் எடை இல்லை. உச்ச வேகம் 120 நாட் என்று போட்டிருக்கிறது. நான் சேர்க்க வேண்டுமா?

---

ரிவெட்டுக்காரி

நடப்பதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. எலிவேட்டரின் எடை மையம் கீலுக்குப் பின்னே இருந்தால், வால் அதிர்ந்து மேலே போகும்போது எலிவேட்டர் பின்தங்கிப் பின்விளிம்பு கீழே நிற்கும். அது வாலை இன்னும் மேலே தள்ளும். திரும்பி வரும்போதும் அதே கதை மறுபக்கம். ஒவ்வொரு ஆட்டமும் காற்றிலிருந்து சக்தி எடுத்துக்கொண்டு பெருத்துக்கொண்டே போகும். தொடங்கியபின் யோசிக்க நேரம் இருக்காது. கீலுக்கு முன்னே ஈயம் வைத்து எடை மையத்தைக் கீலுக்குக் கொண்டுவந்தால் அந்தப் பின்தங்கல் நின்றுவிடும்.

மெதுவாகப் பறக்கும் பழைய விமானங்கள் பல சமன்செய் எடை இல்லாமலே பத்திரமாக இருக்கின்றன. வடிவமைத்தவர் 120 என்று நிறுத்தியதே அதற்காக இருக்கலாம். அப்படியானால் அந்த 120ஐ உண்மை வேகமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளட்டர் மானி காட்டும் வேகத்தைவிட உண்மை வேகத்தைத்தான் அதிகம் பார்க்கும். 10,000 அடியில் மானி 120 காட்டினால் உண்மையில் 140 நாட் போய்க்கொண்டிருப்பீர்கள். ஆர்வி விமானங்களின் உச்ச வேகத்தை அந்த நிறுவனம் உண்மை வேகமாகவே சொல்கிறது, காரணம் இதுதான்.

ஈயத்தைவிட முக்கியமானது தளர்ச்சி. கீல் ஊசி, கம்பி முனை, குறிப்பாக ட்ரிம் டேப் (ஸ்டிக்கின் கனத்தைப் போக்க எலிவேட்டரின் பின்விளிம்பில் வைக்கும் சிறு மடல்). விரலால் டேப்பை ஆட்டிப் பார்த்தால் டக் டக் என்று சத்தம் வரவே கூடாது. 2011 செப்டம்பரில் ரீனோ பந்தயத்தில் பெரிதாக மாற்றியமைத்த பி-51 என்ற பழைய போர் விமானம் ஒன்று கூட்டத்தின் அருகே விழுந்து, விமானியோடு பார்வையாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். விசாரணை போய்ச் சேர்ந்த இடம்: பழைய பூட்டு நட்டுகள் பிடிப்பிழந்து, எலிவேட்டர் ட்ரிம் டேப்பின் திருகுகள் தளர்ந்து, டேப் ஃப்ளட்டர் ஆகிப் பிய்ந்தது. விலை ஒரு கைப்பிடி நட்டு. பூட்டு நட்டை ஒருமுறை கழற்றினால் குப்பையில் போடுங்கள், புதிது வாங்குங்கள்.

---

நாண்கோடு

சேர்ப்பதானால் ஈயத்தை எலிவேட்டர் முனையில் கொம்பாக நீட்டி வைக்காதீர்கள். அது கீல் விசையையும் மாற்றும். உடலுக்குள் எலிவேட்டர் கொம்போடு இணைந்த கம்பத்தில் வைக்கலாம். ஆனால் இரண்டு எலிவேட்டர்களையும் இணைக்கும் குழாய் முறுக்கில் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஈயம் முனையில் நடப்பதை அறியாது. ஈயத்தின் எடைக்கும் எடை மையக் கணக்கு போடுங்கள்.

சோதனைப் பறத்தலில் பின்னெல்லையை நேரே தொடாதீர்கள். முதலில் எடை மையத்தை முன்னே வைத்துப் பறந்து, ட்ரிம் செய்த வேகத்திலிருந்து பத்து நாட் குறைத்துப் பிடித்து, ஸ்டிக்கை எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு சுருள்வில் தராசில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கையை விடுங்கள். மூக்கு தாழ்ந்து, எழுந்து, அலைபோல ஆடி மெல்ல அடங்க வேண்டும். அடுத்த முறை எடையைச் சற்றுப் பின்னே தள்ளி அதையே செய்யுங்கள். தராசு காட்டும் எண் ஒவ்வொரு முறையும் குறையும். அதை வரைபடத்தாளில் வைத்துக் கோட்டை நீட்டினால், எங்கே சுழியாகிறதோ அதுவே உங்கள் விமானத்தின் உண்மையான நடுநிலைப் புள்ளி. என் 35ஐ மறந்துவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

மரச்சட்டம்

சரி ஐயா. எலிவேட்டரைச் சமன்செய்வது துணி போர்த்துவதற்கு முன்பா, பின்பா?

---

ரிவெட்டுக்காரி

துணி, டோப் (துணியை இறுக்கும் பூச்சு), பெயின்ட், ட்ரிம் டேப், அதன் கம்பி, பிளாஸ்டிக் ஸ்டிக்கர் உட்பட எல்லாம் முடிந்தபின். பெயின்டின் எடையில் பெரும்பகுதி கீலுக்குப் பின்னேதான் சேரும். கத்தி விளிம்புகள்மேல் கீல் ஊசிகளை வைத்து, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முன்கூட்டியே ஈயத்தை வார்த்து வைப்பதானால் கொஞ்சம் அதிகமாகவே வாருங்கள். துளையிட்டுக் குறைப்பது எளிது. மறுபடி பெயின்ட் அடித்தால் மறுபடி சமன்செய்ய வேண்டும்.